காம்ப்டன் நகரத்துக் கோபம்: ஓர் இசைத்தட்டை எடைபோடுதல்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்துத் தம்பிகள் வந்து நின்றால், நாலடியார் பற்றியோ சீவக சிந்தாமணி பற்றியோ நாலைந்து பக்கம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை அமெரிக்க ராப் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். மலர்க் குழுத் தம்பி தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஐயா, வேற யாரோட கட்டுரையையோ மாத்திக் கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, இதுதான் என்றேன். மூத்த வாசகர்கள் முகம் சுளிப்பதாயிருந்தால், கடைசிப் பத்தி வரை படித்துவிட்டுச் சுளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். போன கோடை விடுமுறையில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா பள்ளி ஆசிரியை. பாட்டில் வரும் வார்த்தைகள் அவளுக்குப் புரிந்துவிட்டன. "மாமா, இந்தக் கண்றாவியை வீட்ல போடக் கூடாதுன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் வந்தாள். பேரனோ, "முழுசாக் கேட்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது தாத்தா" என்றான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் முறையாகத் தமிழ் படித்தவன் அல்லன். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிப் படிப்போடு நின்று, மும்பைக்கு வந்து அரிசி வியாபாரத்தில் விழுந்தவன். கல்லாவில் உட்கார்ந்து உ.வே.சா. பதிப்புகளைப் படித்ததுதான் என் கல்லூரி. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட சமணக் குடும்பத்தில் பிறந்தவன். அப்படிப்பட்டவனுக்குத் துப்பாக்கிப் பாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஆய்வு முறை மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பதுதான். மூட்டை மேல் அச்சடித்த பெயரை நம்பி வாஷி தானிய மார்க்கெட்டில் எவனும் அரிசி வாங்க மாட்டான். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தி, கையில் கொட்டிப் பார்ப்பான். இந்த இசைத்தட்டையும் அப்படித்தான் பார்த்தேன். பேரன் பாட்டு வரிகளை ஒரு நோட்டில் எழுதிப் பொருள் சொன்னான். கெட்ட வார்த்தை வரும் இடத்திலெல்லாம் புள்ளி வைத்துவிட்டான். அந்தப் புள்ளிகள்தான் எனக்கு முதலில் புரிந்தன!

ஊரும் காலமும்

இசைத்தட்டின் பெயர் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்'. 'காம்ப்டனிலிருந்து நேராக வர்றோம்' என்று நம் பேச்சில் சொல்லலாம். 1980களின் இறுதியில் வெளிவந்தது. பாடிய குழு என்.டபிள்யூ.ஏ. அந்த முதல் எழுத்தின் விரிவில் கறுப்பின மக்களை இழித்துக் கூப்பிடும் சொல் இருக்கிறது. ஊரார் வைத்த வசைப்பெயரைத் தாங்களே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். ஈஸி-ஈ, ஐஸ் கியூப், டாக்டர் டிரே, எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா ஆகியோர் முக்கியமானவர்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயதினர்.

காம்ப்டன் என்பது லாஸ் ஏஞ்சலஸ் மாநகருக்குத் தெற்கே உள்ள சிறு நகரம். டென்னிஸ் வீராங்கனைகளான வில்லியம்ஸ் சகோதரிகள் சிறுமிகளாக அங்குள்ள பொது மைதானங்களில்தான் பந்தடித்துப் பழகினார்கள். ஒரு காலத்தில் வெள்ளையர் மட்டும் வீடு வாங்கும்படி ஒப்பந்தம் எழுதிவைத்திருந்த ஊர். பிறகு கறுப்பின மக்கள் வந்தார்கள், வெள்ளையர் வெளியேறினார்கள். பக்கத்துச் சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இல் மூடப்பட்டது. மில் மூடினால் என்ன ஆகும் என்பதைப் பரேலிலும் லால்பாகிலும் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் கண்ணால் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலை போன இடத்தில் 'கிராக்' என்ற கொக்கெயின் கட்டி வந்தது. அதைப் பிடிக்கப் போலீஸ் வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. 1988 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 'ஆபரேஷன் ஹேமர்' என்ற பெயரில் ஒரே வார இறுதியில் 1,400 பேருக்கு மேல் கைது செய்தது. பெரும்பாலோர் மேல் வழக்கே போடாமல் விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், டால்டன் அவென்யூவில் அடுக்கு வீடுகளுக்குள் புகுந்து, போதைப்பொருள் தேடுகிறோம் என்று சுவர், கழிவறை, சாமான்செட்டு எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். கிடைத்தது சொற்பம். பின்னால் மாநகராட்சி பெருந்தொகை இழப்பீடு கொடுத்தது.

கோபம் எதனால் பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணம் சொல்வார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. குடிகோள் என்றால் மனைவி மக்களுக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது என்றும், அலை என்றால் கோல்கொண்டு அடிப்பது என்றும் உரைகாரர்கள் விளக்குவார்கள். டால்டன் அவென்யூவில் நடந்தது குடிகோள். போலீஸ் தடியால் நடந்தது அலை. ஆகவே இந்த இசைத்தட்டின் கோபம் காரணமில்லாத கோபம் அல்ல. ஆனால் காரணம் இருப்பதாலேயே கோபம் கலையாகிவிடாது. அதைப் பார்ப்போம்.

மேல் மூட்டை: பாட்டுக்குள் ஒரு நீதிமன்றம்

தட்டில் 13 பாட்டுகள். முதல் இரண்டையும் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டு போலீஸை எதிர்த்துப் பாடியது. அதன் பெயரைக் குடும்ப மலரில் அச்சிட முடியாது. உலகத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான் தெரியும், அதன் உள்ளே இருக்கும் அமைப்பு தெரியாது. அது வெறும் வசைப்பாட்டு இல்லை. ஒரு வழக்கு விசாரணை.

டாக்டர் டிரே நீதிபதி. ஐஸ் கியூப், ரென், ஈஸி-ஈ மூவரும் வழக்குரைப்பவர்கள். சாட்சி சொல்பவர்களும் அவர்களே. உண்மை சொல்வதாகப் பிரமாணம் எடுக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூண்டேறித் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்கள். நடுநடுவே போலீஸ் வண்டியை மறிக்கும், கதவைத் தட்டும் சிறு காட்சிகள் வருகின்றன. முடிவில் காவலர் குற்றவாளி என்று தீர்ப்பு. அவர் கத்திக்கொண்டே இழுத்துச் செல்லப்படுகிறார். ஐஸ் கியூப் தன் பகுதியில் வெள்ளைக்காரப் போலீஸை மட்டும் திட்டவில்லை. வெள்ளை அதிகாரி பார்க்க வேண்டும் என்பதற்காகத் தன் இனத்தவனையே ஓங்கி அடிக்கும் கறுப்பினப் போலீஸையும் கூண்டில் நிறுத்துகிறார். இது கண்ணால் பார்த்தவனுக்குத்தான் தோன்றும்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை எனக்கு நினைவு வந்ததில் வியப்பில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணகிக்கு வாயிற்காவலன் வழிவிட்டான். அரசன் கேட்டான். சிலம்பை உடைத்துப் பரல் காட்டியதும் தவறை ஒப்புக்கொண்டு உயிரைவிட்டான். காம்ப்டன் பையன்களுக்குக் கேட்க அரசன் இல்லை. ஆகவே பாட்டுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் கட்டிக்கொண்டார்கள். நிஜத்தில் கிடைக்காத விசாரணையைக் கற்பனையில் நடத்திக் காட்டியது கலை என்பது என் துணிபு. அந்த நீதிபதியும் அவர்களில் ஒருவன்தான், எதிர்த்தரப்புக்கு வக்கீல் இல்லை, தீர்ப்பு முன்கூட்டியே முடிவானது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தோன்றியது. பேரனிடம் சொன்னேன். "நெஜக் கோர்ட்ல அவங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு, அதைத்தான் திருப்பிக் காட்றாங்க" என்றான். நான் யோசிக்காததை அவன் யோசித்திருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில், மும்பைக்கு வந்த புதிதில், கைவண்டியில் பத்து மூட்டை அரிசியோடு போய்க்கொண்டிருந்த என்னை ஒரு காவலர் மறித்தார். என்னிடம் பில் இருந்தது. எடுத்து நீட்டுமுன் கன்னத்தில் அறை விழுந்தது. அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை, அதுதான் என் குற்றம். அறைக்குத் திரும்பி நடந்த வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. நாற்பது வருஷம் கழித்து, புள்ளி வைத்த அந்த நோட்டைப் படித்தபோது என் கன்னம் சுட்டது. ஒரு பாட்டு வேறு தேசத்து, வேறு பாஷைக்காரனுக்கு இதைச் செய்தால் அதில் சரக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஓசையும் ஆளும்

ராப் என்றால் சும்மா படபடவென்று பேசுவதுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தாளத்தின் மேல் சொல்லை ஏற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. அடியின் முடிவில் மட்டுமன்றி நடுவிலும் இயைபு வரவேண்டும், மூச்சு முட்டக் கூடாது, பேச்சு பேச்சாகவே இருக்க வேண்டும். நம் சந்தப்பாட்டுக்காரர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். ஐஸ் கியூப் இதில் கைதேர்ந்தவர்.

ஓசையைக் கட்டியவர்கள் டாக்டர் டிரேயும் யெல்லாவும். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி ஒட்டுவது அவர்கள் முறை. தலைப்புப் பாட்டின் முரசொலி, 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'அமென், பிரதர்' என்ற பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சில நொடித் துண்டு. அதன் மேல் சைரன்போல இடித்து இடித்துப் பாயும் ஊதுகருவிகள். அந்தப் பாட்டைக் கேட்டால், வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஏதோ கலவரம் போலத் தோன்றும். அந்தக் கோல்மன் 2006இல் இறந்தார். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பயன்பட்ட அந்தத் தாளத்துக்கு அவருக்குக் கடைசி வரை காசு வரவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று பாடியவர்களின் அஸ்திவாரத்திலேயே ஒருவருக்குச் சேர வேண்டிய பாக்கி இருக்கிறது. கணக்குப் பார்க்கும் ஆளாதலால் இதை எழுதாமல் விட மனமில்லை. ஐஸ் கியூபும் பணக்கணக்கு சரியில்லை என்றுதான் 1989 இறுதியில் குழுவை விட்டுப் போனார்.

'நான் சுட்டேன், நான் அடித்தேன்' என்று பாடுகிறார்களே, இவர்கள் கொலைகாரர்களா என்று மருமகள் கேட்டாள். இது நல்ல கேள்வி. பாட்டுகளில் பாதிக்கு மேல் கைவண்ணம் காட்டிய ஐஸ் கியூபின் வீடு காம்ப்டனிலேயே இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியில் இருந்தது. பஸ்ஸில் தொலைதூரப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர். 1987-88இல் அரிஸோனாவில் கட்டட வரைபடம் போடும் படிப்பு முடித்தவர். போதைப்பொருள் விற்ற அனுபவம் உள்ளவர் என்று சொல்லப்பட்ட ஈஸி-ஈயோ, தன் பகுதிகளைப் பெரும்பாலும் தானே எழுதவில்லை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இதை மோசடி என்றார்கள் சிலர். நம் அகப்பாட்டைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே 'நான்' என்று பேசுவது புலவன் அல்லன். தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று துறை வகுத்து வைத்திருக்கிறோம். பரத்தை கூற்று பாடிய புலவரைப் பரத்தை என்று யாரும் சொன்னதில்லை. காம்ப்டன் பாட்டுகளை 'ரவுடி கூற்று' என்று துறை போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி தீராது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

நடு மூட்டையும் அடி மூட்டையும்

மூன்றாவது பாட்டிலிருந்தே கல் தட்டுப்பட ஆரம்பிக்கிறது. நடுப்பகுதியில் பல பாட்டுகள் 'என்னைப்போல் உண்டா' என்ற தற்பெருமை. சாராய போதை, சவால், திரும்பவும் சவால். கடைசிப் பாட்டு வெறும் ஆட்டத்துக்கானது. மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. நடுவில் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' என்ற பாட்டு மட்டும் தனியாக நிற்கிறது. அதில் கெட்ட வார்த்தை கிடையாது. மனதில் பட்டதைத் துணிந்து சொல் என்பதே அதன் செய்தி. கஞ்சா புகைக்க மாட்டேன் என்றும் அதில் டாக்டர் டிரே பாடுகிறார். 1992இல் வந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டுக்குக் கஞ்சாவின் கொச்சைப் பெயரையே வைத்தார் என்பது வேறு கதை.

பத்தாவது பாட்டுக்கு வரும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் பணத்துக்காக ஆணைச் சுற்றுபவர்கள், அவர்களை ஏமாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்பதே அதன் சாரம். மூன்றாவது பாட்டிலும் பெண்ணைக் குறிக்க வசைச்சொல்லே வருகிறது. பேரன் வைத்த புள்ளிகள் அங்கேதான் அதிகம்.

இதற்கும் 'ரவுடி கூற்று' என்று சமாதானம் சொல்லலாமா? சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். போலீஸ் பாட்டில் எதிராளி கூண்டில் நிற்கிறான், குற்றம் சொல்லப்படுகிறது, சாட்சி வருகிறது. பெண்களைப் பற்றிய பாட்டுகளில் குற்றம் என்ன என்பதே இல்லை. தண்டனை மட்டும் இருக்கிறது. விசாரணையில்லாமல் கைது செய்கிறான் என்று போலீஸை எதிர்த்துப் பாடியவர்கள், எட்டுப் பாட்டு தாண்டிப் பெண்களுக்கு அதையே செய்கிறார்கள். ஆபரேஷன் ஹேமரில் பார்த்த அதே ஒட்டுமொத்தக் கைதுதான் இது. இது ஒழுக்கக் குறை மட்டுமல்ல, கலைக் குறையும்கூட. அந்தப் பாட்டுகளில் ஆள் இல்லை, காட்சி இல்லை, வாதம் இல்லை. ஓசை மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது.

இது பாட்டோடும் நிற்கவில்லை. 1991 ஜனவரியில் டாக்டர் டிரே, தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியை ஒரு விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் அடித்தார். வழக்கை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றார். 2015இல், குழுவைப் பற்றிய திரைப்படம் வந்து ஓடிக்கொண்டிருந்தபோது, தான் துன்புறுத்திய பெண்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அந்தப் படத்தில் இந்தச் சம்பவம் இடம்பெறவில்லை.

மதுரையை எரிக்குமுன் அக்கினிதேவன் யாரை விலக்க வேண்டும் என்று கேட்க, அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் என்று கண்ணகி பட்டியல் சொல்கிறாள். அதிலும் 'பத்தினிப் பெண்டிர்' என்று வரம்பு ஏன் என்று இன்றைய பெண்கள் கேட்பார்கள். என் மருமகளும் கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும், ஊரே எரியும் கோபத்திலும் யார் மேல் தீ படக்கூடாது என்ற நினைப்பு அங்கே இருக்கிறது. காம்ப்டன் கோபத்துக்கு அந்தப் பட்டியல் இல்லை. இந்த இசைத்தட்டின் பெரிய குறை அதுவே.

தடையும் அங்கீகாரமும்

1989 ஆகஸ்ட் 1ஆம் தேதி எஃப்.பி.ஐ.யின் உதவி இயக்குநர் மில்ட் ஆலரிச், இசைத்தட்டை வெளியிட்ட பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். காவலர்கள் மேல் வன்முறையைத் தூண்டும் பாட்டு என்றார். 1988இல் 78 காவலர்கள் பணியில் கொல்லப்பட்டதை எடுத்துக்காட்டினார். அந்த 78 குடும்பங்களின் துக்கம் பொய்யல்ல. அதை நாம் லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் ஒரு பாட்டின் மேல் அரசாங்கத்தின் கை விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். வானொலி கிட்டத்தட்டப் புறக்கணித்தும் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. ஆஸ்திரேலியப் பொது வானொலியில் 1990இல் போலீஸ் பாட்டை நிறுத்தச் சொன்னபோது, டிரிபிள் ஜே நிலைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' பாட்டையே 24 மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

எதிர்ப்பு போலீஸிடமிருந்து மட்டும் வரவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன சி. டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பின மூதாட்டி, இவ்வகைப் பாட்டுகள் தம் இனத்துப் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்று 1990களில் நாடெங்கும் போராடினார். எஃப்.பி.ஐ. கடிதம் நல்ல பாட்டைக் குறிவைத்தது. டக்கர் அம்மையார் குறிவைத்தது மோசமான பாட்டுகளை. அவர் சொன்னதைத்தான் நாம் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

1991 மார்ச்சில் ராட்னி கிங் என்பவரை லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் தடியால் அடித்ததை ஒருவர் தம் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். 1992 ஏப்ரல் 29 அன்று அந்தக் காவலர்கள் விடுதலையானார்கள். தொடர்ந்த கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகுதான் பலர் இந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டார்கள். 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்த இசைத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்தது. ஒரு கை கண்டித்ததை இன்னொரு கை பெட்டகத்தில் வைத்தது.

என் தீர்ப்பு

முடிவாக, வீட்டில் நான் சொன்ன தீர்ப்பை இங்கும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு பாட்டுகளும் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' பாட்டும் முதல் தரம். நடுவில் பல பாட்டுகள் சாதா ரகம். பத்தாவது பாட்டும் அது போன்றவையும் கழிவு. மூட்டையை மொத்தமாகத் திருப்பி அனுப்பவும் கூடாது, மொத்தமாக மெச்சவும் கூடாது. பலமுள்ளவனைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும்போது இவர்கள் கோபம் கலையாகிறது. தன்னைவிட எளியவர் மேல் பாயும்போது, காவலர் கையிலிருந்த தடி இவர்கள் கைக்கு மாறிவிடுகிறது.

நம் தாராவித் தமிழ்ப் பிள்ளைகளும் இன்று ராப் பாடுகிறார்கள். அங்கிருந்து வந்த டோப்அடெலிக்ஸ் குழு 2018இல் 'காலா' படத்தில் பாடியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பாட்டு நம் வீட்டுக்குள் வரத்தான் போகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதைவிட நம்மோடு உட்கார்ந்து கேட்கட்டும். கேட்கும்போது இந்தக் கோபம் யார் மேல் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பழக்குவோம்.

கன்னத்தில் வாங்கிய அறையைப் பேரனிடம் முதன்முதலாகச் சொன்னேன். "இத்தனை வருஷம் ஏன் தாத்தா சொல்லலை?" என்றான். சொல்ல ஒரு பாட்டு கிடைக்கவில்லை என்றேன். மருமகள் அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, போலீஸ் பாட்டுக்கு அனுமதி கொடுத்தாள். பத்தாவது பாட்டை அவனே எடுத்துவிட்டான். இக்கட்டுரையில் மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் சங்கத்துக்கு எழுதினால், அடுத்த மலரில் பதில் எழுதக் காத்திருக்கிறேன்.